நேபாள நாவல்களைப் புலம்பெயர் இலக்கியம் என்று சொல்லலாமா?

கொக்குவில் வாசகர்:
லீல் பகதூர் சேத்ரியின் 'பஸாயி' நாவலை எங்கள் வாசகர் வட்டத்தில் ஆங்கில வழியாக வாசித்தோம். 1957 இல் வெளிவந்தது. கிழக்கு நேபாள மலைக் கிராமத்து உழவன் ஒருவன் கடனுக்கு எருமை வாங்கி, வட்டிக்காரரிடம் அகப்பட்டு, நிலத்தையும் இழந்து, குடும்பத்தோடு ஊரைவிட்டுப் புறப்படுகின்ற இடத்தில் கதை முடிகிறது. எங்கள் ஈழத்துப் புலம்பெயர் கதைகள் பெரும்பாலும் விமானநிலையத்திலோ அகதி முகாமிலோதான் தொடங்குகின்றன. அந்தப் பழக்கத்தில் வாசித்த எனக்கு, இதை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியவில்லை.

நல்லூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தயங்காமல் சேர்க்கலாம். சேத்ரி அசாமில் பிறந்தவர். ஆகவே அது ஊரைவிட்டுப் போனவர்களின் வழிவந்த பிள்ளை, அவர்கள் புறப்பட்ட நாளை எழுதிப் பார்த்த நாவல். ரொறொன்ரோவில் பிறந்த ஒருவர், அம்மம்மா ஈடுவைத்து மீட்க முடியாமற்போன தோட்டக் காணியைப் பற்றி எழுதுவதைப் போன்றது. தலைப்பையும் கவனியுங்கள். 'பஸாயி' என்றால் குடியிருப்பு. அதனோடு 'ஸர்னு' என்ற வினை சேர்ந்தால் குடிபெயர்தல்.

சாவகச்சேரியிலிருந்து:
ஆசிரியர் சொன்னதோடு டார்ஜிலிங் எழுத்தாளர் இந்திர பகதூர் ராயின் சிறுகதை ஒன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து நேபாளியர் அசாமை நோக்கி நடந்த கதை அது. ஜெயமாயா மட்டும் லிக்காபானி வந்து சேர்ந்தாள் என்று முடிவைத் தலைப்பே சொல்லிவிடும். அதை வாசித்தபோது, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் நின்ற சனமே நினைவுக்கு வந்தது. எங்கள் சைக்கிள் கரியரில் அரிசிச் சாக்கு, அதன்மேல் தங்கச்சி. அவளுடைய ஒரு செருப்பு எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

பருத்தித்துறை வாசகி:
ஒப்பிடுவது சரி, ஆனால் ஒன்றாக்கிவிட வேண்டாம். நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே திறந்த எல்லை. 1950 ஆம் ஆண்டு உடன்படிக்கை இரு நாட்டவரும் மற்ற நாட்டில் வசிக்கவும் தொழில் செய்யவும் வழிவிட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் காணி விற்றுக் காசு கட்டி, கொழும்பு லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்த எங்கள் கதை அங்கே இல்லை. அவர்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. இந்தியப் பக்கத்துக்கு 'முக்லான்' என்று பெயர். பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களால் வந்த 'லாகுரே' என்ற சொல், பிறகு கூர்க்காச் சிப்பாய்க்கு வழங்கி, இன்று வளைகுடாவுக்குப் போகிறவனையும் குறிக்கிறது. 'புலம்பெயர்' என்ற எங்கள் சொல்லைப் போர்த்திவிட்டால் இவையெல்லாம் மறைந்துபோகும்.

கொக்குவில் வாசகர்:
நன்றி. அப்படியானால் அடுத்த மாதம் அந்த ஜெயமாயா கதையை எடுக்கிறோம். பிரதி வைத்திருப்பவர்கள் தனிமடலில் அறியத்தந்தால் உதவியாக இருக்கும்.