கேம் சீல் ஒழுகல்: மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எஸ்டீம் 1999, திருச்சி

முதலில் என் கதை. போர்டிகோவில் தினமும் காலையில் எட்டணா அளவுக்கு ஓர் எண்ணெய் வட்டம். டைமிங் கவரின் அடி ஓரம் முழுக்கப் பிசுக்கு. பட்டறையில் பார்த்துவிட்டு கேம் ஷாஃப்ட் ஆயில் சீல் போய்விட்டது என்றார்கள். கேம் ஷாஃப்ட் என்பது இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு, சீல் என்பது அதன் முனையில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். மாற்றினார்கள், கூடவே அந்தத் தண்டைச் சுற்றும் டைமிங் பெல்ட்டும். எண்ணெயில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடக்கூடாது, அது சரிதான். ஆனால் இரண்டே மாதம். அதே இடம், அதே வட்டம்.

இரண்டாம் முறை நானே இறங்கினேன். இந்த வேலையில் பாதி நேரம் சீலுக்குப் போவதில்லை, சீலை எட்டிப் பிடிக்கத்தான் போகிறது. விசிறி பெல்ட், கிராங்க் புல்லி, டைமிங் கவர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, டைமிங் குறிகளை நேராகச் சேர்த்து வைத்து, பெல்ட்டை எடுத்தேன். கேம் புல்லி போல்ட்தான் மல்லுக்கட்டியது. இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரைத் திறந்தால் ஷாஃப்டிலேயே ஒரு துளை இருக்கிறது. அதில் கம்பியைச் செருகிப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் தளர்த்த வேண்டும். கம்பி ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதி) விளிம்பில் உட்காரும் இடத்தில் துணி வையுங்கள், இல்லாவிட்டால் பேக்கிங் படியும் பரப்பில் பள்ளம் விழும்.

புல்லியை எடுத்துவிட்டுப் பார்த்தால், இரண்டு மாத சீல் கிழியவும் இல்லை, கெட்டிப்படவும் இல்லை. தன் குழியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றது! உள்ளிருந்து ஏதோ தள்ளியிருக்கிறது. அப்போதுதான் இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றினேன். குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். இது ஊமையாக இருந்தது. உள்ளே தார் மாதிரி கசடு. இன்ஜினுக்குள் சேரும் காற்றுக்கு வெளியேற வழி இல்லை என்றால், அது பலவீனமான சீலைத்தான் தேடும். வால்வும் குழாயும் புதிதாகப் போட்டு, சீலும் மாற்றினேன். உங்கள் அனுபவம் எப்படி?

மாருதி 800, கார்புரேட்டர், திண்டுக்கல்

அண்ணே, எனக்கு ஒழுகியது கேம் ஷாஃப்டின் மறுமுனையில். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டியது. கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்பக்க சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார் மெக்கானிக். கூலியைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

டீசலால் அந்த இடத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை ஹெட்டின் பின்பக்கம் முழுக்கத் தூவினேன். பவுடர் டப்பாவைக் காணோம் என்று வீட்டில் தனிச் சண்டை. பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டதும் வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை. கேம் ஷாஃப்ட்தான் அந்த டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிறது. அது உட்காரும் இடத்தில் ஒரு ஓ ரிங், அதாவது ரப்பர் வளையம். எடுக்கும்போதே காய்ந்த மட்டை மாதிரி உடைந்தது. விலை ஒரு டீ, வடை காசு. கழற்றுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் நின்ற நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும்.

ஜென், கோவை

நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். வந்துவிட்டது, ஷாஃப்டில் ஒரு கீறலையும் போட்டுவிட்டு வந்தது. சீலின் உதடு உட்காரும் வரியிலேயே. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கீறல். புது சீல் ஒரே வாரத்தில் ஒழுகியது.

தெரிந்த லேத்காரர் வந்து விரல் நகத்தால் தடவிப் பார்த்து, "நகம் மாட்டுது சார்" என்றார். கீறலின் மேடு மட்டும் போகும்படி மிக நைசான எமரித் தாளால் சுற்றுவாக்கில் தேய்த்தார். குறுக்கே தேய்க்கவே கூடாதாம். அப்புறம் புது சீலைப் பழைய ஆழத்தில் வைக்காமல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தோம். உதடு கீறல் இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் எண்ணெய் வடியும் துளை ஏதும் மூடிக்கொள்ளாதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டோம். ஒரு வருடம் தாண்டிவிட்டது, ஒழுகல் இல்லை.

இப்போதெல்லாம் சீலின் உலோக வளையத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்றை ஏற்றி, பிளையரால் இழுத்துவிடுகிறேன். புதியதை இறக்குவதற்கு அதே விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும். உதட்டில் எண்ணெய் தடவாமல் மாட்டாதீர்கள், காய்ந்த ரப்பர் முதல் ஸ்டார்ட்டிலேயே தேய்ந்துவிடும்.

ட்வின் கேம் வண்டி, மதுரை

எனக்கு இரண்டு கேம், இரண்டு சீல். ஒழுகுவது ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் மாற்றினேன். ஏழாவது மாதம் மற்றது. அதே பெல்ட்டை மறுபடி கழற்றினேன், அதே கூலியை மறுபடி கொடுத்தேன். கிராங்க் ஷாஃப்டின் முன்பக்க சீலையும் அப்போதே சேர்த்திருக்கலாம்.

புது ஆள், சேலம்

ஆயிலில் ஊற்றினால் ஒழுகல் நிற்கும் என்று ஒரு டப்பா விற்கிறார்களே, யாராவது ஊற்றிப் பார்த்தீர்களா?

ஜென், கோவை

ஊற்றினேன் சார். அது ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும். வயதாகிக் கெட்டிப்பட்ட சீலாக இருந்தால் சில மாதம் தள்ளலாம். என் வண்டியில் கீறல் அல்லவா, டப்பா என்ன செய்யும்? முதலில் ஆயில் மூடியைத் திறந்து ஐடிலில் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. காகிதம் பறந்தால் திருச்சிக்காரர் சொன்ன வால்வைப் பாருங்கள். வால்வும் நன்றாக இருந்து காகிதம் பறந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அது பெரிய செலவு.

எஸ்டீம் 1999, திருச்சி

பவுடர் யோசனைக்கு நன்றி தம்பி, முதலிலேயே தெரிந்திருந்தால் டேப்பெட் கவர் பேக்கிங் மேல் இத்தனை நாள் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். சொட்டு விழுகிறதா என்று பார்க்க வண்டிக்கு அடியில் போட்ட அட்டையை இன்னும் எடுக்கவில்லை. நேற்று வெளியே போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தியதும் அதில் ஒரு ஈரம். வயிற்றைக் கலக்கிவிட்டது. குனிந்து மோந்து பார்த்தேன், ஏசி தண்ணீர்.