50 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் முன்சக்கரத்தில் உறுமல்: டயரா, பேரிங்கா?

சந்தைவண்டி:
வணக்கம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பொள்ளாச்சிக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். 2013 மாடல் டீசல் பிக்கப், பின்சக்கர இழுவை, முன்னால் டிஸ்க் பிரேக், முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். 1,90,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி.

மூன்று வாரமாக முன்பக்கம் 'ஊங்ங்' என்று ஓர் உறுமல். 40 வரை தெரியாது. 50-ல் தொடங்கும். 70-ல் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலும், நியூட்ரலில் உருட்டினாலும் நிற்பதில்லை. வேகம் குறையக் குறையத்தான் அடங்குகிறது. ஒருவர் டயர் என்கிறார், இன்னொருவர் கிரௌன் (பின் அச்சின் பல்சக்கரம்) போய்விட்டது என்கிறார்.

தைப்பூசம் நெருங்குகிறது. திண்டுக்கல்லிலிருந்து பழநி வரை ரோட்டோரம் முழுக்கப் பாதயாத்திரை போகிறவர்கள். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பவர்களை விடியற்காலை இருட்டில் கடந்து போகிறேன். சக்கரத்தில் ஒரு குறையை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் ஓட்ட மனம் வரவில்லை. சத்தம் என் காலுக்குக் கீழேதான் கேட்கிறது. வலது முன்சக்கரத்துக்குப் பேரிங் செட் வாங்கிவிடலாமா?

மலைரோடு:
தம்பி, காசு போடும் முன் டயரைப் பாருங்கள். உள்ளங்கையால் டயரைச் சுற்றித் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அதுவும் இப்படியே ஊளையிடும். டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். புதுத் தாரில் ஒரு மாதிரி, சிமென்ட் ரோட்டில் ஒரு மாதிரி. பேரிங் சத்தம் எந்த ரோட்டிலும் ஒன்றேதான். இன்னும் சந்தேகம் இருந்தால் முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் பின்னால் போனால் டயர்தான்.

சந்தைவண்டி:
அண்ணே, தடவிப் பார்த்துவிட்டேன், தேய்மானம் சமமாக இருக்கிறது. முன்பின் மாற்றியும் போட்டேன், சத்தம் முன்னாலேயே நிற்கிறது. ரோடு மாறினாலும் சத்தம் மாறவில்லை. ஒன்று மட்டும் புதிதாகக் கவனித்தேன். வலது பக்கம் திரும்பும் நீள வளைவில் சத்தம் கூடுகிறது. இடது வளைவில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது.

பட்டறைக்காரன்:
அப்படியானால் வலது பக்கத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கம் சாய்கிறது, இடது பேரிங் மேல் பாரம் ஏறுகிறது. அப்போது சத்தம் கூடினால் முதல் சந்தேகம் இடது முன்சக்கரம் மேல்தான். காதை நம்ப வேண்டாம். சேசிஸ் இரும்பு வழியாகச் சத்தம் எங்கெங்கோ போய்க் கேட்கும். பக்கம் மாற்றிக் கழற்றிய ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வளைவில் கேட்டதையும் முழுதாக நம்பிவிடாமல், தூக்கிப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து அதில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ காலோ போக வேண்டாம். பிறகு டயரை மேலும் கீழுமாகப் பிடித்து, உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். மிதித்தும் ஆடினால் சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்னைப் பாருங்கள். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டான டை ராடு எண்டு.

அப்புறம், ஒரு கையைப் பட்டை ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் கைக்கு எதுவும் தெரியாது. கெட்டது மணல் அரைப்பது போல அதிரும். காதுக்குக் கேட்காததுகூடக் கைக்குத் தெரியும்.

சமீபத்தில் தண்ணீரில் இறக்கினீர்களா?

சந்தைவண்டி:
நீங்கள் சொன்னதுதான் சரி. இடது சக்கரம் 'டக் டக்' என்று ஆடுகிறது. மச்சானை பிரேக் மிதிக்கச் சொன்னேன், ஆட்டம் நின்றுவிட்டது. சுற்றும்போது ஸ்பிரிங்கில் வைத்த கை அதிர்கிறது. வலது பக்கம் சுத்தம்.

தண்ணீர்... ஆமாம். நவம்பர் மழையில் ஒரு ரயில்வே சுரங்கப்பாதையில் லோடோடு மாட்டி அரை மணி நேரம் நின்றேன். இடது பக்கம் தாழ்வு, அந்தப் பக்கம் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) முழுகியிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பட்டறைக்காரன்:
அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், அந்தச் சுருக்கம் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கிரீஸில் கலந்த தண்ணீர் தானாக வெளியே வராது. வண்டி நிற்கும் நேரமெல்லாம் ரோலர் தொடும் இடத்தில் துரு பிடிக்கும். சத்தம் இரண்டு மாதம் கழித்துத்தான் கேட்கத் தொடங்கும்.

உங்கள் வண்டியில் ஹப்புக்குள் இரண்டு டேப்பர் பேரிங் (கூம்பு வடிவப் பேரிங்), உள்ளே பெரியது, வெளியே சின்னது. ஒவ்வொன்றிலும் ரோலரோடு வரும் உள்பாகம் கோன், அது உட்காரும் வெளி வளையம் கப். நான் சொல்லும் முறை இந்த வகைக்குத்தான். ஒரே துண்டாக வரும் ஹப் யூனிட்டுக்கு இது பொருந்தாது.

பிரேக் காலிப்பரைக் கழற்றியதும் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் ஹோஸ் கெட்டுவிடும். ஹப்பை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்துப் பாருங்கள். காற்றடித்துப் பேரிங்கைச் சுழல விடாதீர்கள், ரோலர் தெறித்தால் கண் போய்விடும். கோன் மட்டும் புதிது, கப் பழையது என்று போட வேண்டாம். இரண்டும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை, செட்டாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டி எடுங்கள். புதுக் கப்பை இறக்கும்போது பழைய கப்பையே மேலே வைத்துத் தட்டலாம். அடியில் போய் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறும், கவனித்தால் தெரியும்.

கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, கோனின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி, ரோலர்களுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். ஹப் குழியை முழுக்க நிரப்பாதீர்கள், சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிவிடும்.

இந்த வேலையின் உயிரே ஹப்பைப் பிடித்து நிறுத்தும் நட்டை இறுக்குவதில்தான் இருக்கிறது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே ஸ்பானரில் ஓரளவு இறுக்குங்கள். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் கோணலாக நின்றபடியே இறுகியதாகத் தோன்றும், கொஞ்ச தூரம் ஓடியதும் லூசாகிவிடும். பிறகு நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னின் துளைக்கு நேராக நட்டின் காடி (வெட்டு) வரவில்லை என்றால், இறுக்கும் பக்கம் போகாமல் தளர்த்தும் பக்கமாகவே கொண்டுபோங்கள். இந்த வகை பேரிங்குக்குப் பொதுவாக 0.02 முதல் 0.12 மி.மீ. வரை ஆட்டம் வேண்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. ஒரு தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. 'ஆட்டமே இருக்கக் கூடாது' என்று முழு பலத்தோடு இறுக்குகிறவர்கள்தான் புதுப் பேரிங்கை எரிக்கிறார்கள். காட்டர் பின் கட்டாயம் புதிது போடுங்கள்.

பேரிங் கடை:
கடைக்கு வரும்போது பழைய பேரிங்கைக் கழுவிக் கொண்டுவாருங்கள் அண்ணா. வண்டிப் பெயர் சொல்லிக் கேட்டால் தவறிப் போக வாய்ப்பு உண்டு. கோனின் முகத்திலும் கப்பிலும் எண் அடித்திருக்கும். 30206 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்துளை 30 மி.மீ. அங்குலக் கணக்கில் வருகிற பேரிங்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் கோனுக்கு ஓர் எண், கப்புக்கு ஓர் எண் இருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆயில் சீலையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய சீலை மறுபடி போட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வருவீர்கள்.

சந்தைவண்டி:
ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. டஸ்ட் கேப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. கிரீஸ் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது. உள் கப்பில் ரோலர் இடைவெளிக்கு ஒரு கோடு வீதம் வரிசையாகத் துருக் கோடுகள், இரண்டு இடத்தில் உலோகமே பெயர்ந்திருக்கிறது. வெளிப் பேரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் அதையும் மாற்றிவிட்டேன். சீலின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

முதலில் நட்டை இறுக்கமாக வைத்துவிட்டேன். சக்கரம் கைக்குக் கனமாகச் சுற்றியது. நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து, தளர்த்தி விரலால் திருகினேன். 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன், சூடு ஒரே மாதிரி. 70-ல் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கிறது.

பட்டறைக்காரன்:
நல்ல வேலை தம்பி. 300 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை தூக்கி ஆட்டம் பாருங்கள், புதுக் கப் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். வலது சக்கரமும் அதே தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றதுதான். தைப்பூசத்துக்கு முன் அதையும் திறந்து கிரீஸ் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.

சந்தைவண்டி:
பார்த்துவிட்டேன் அண்ணே. வலதில் கிரீஸ் கறுத்திருந்தது, தண்ணீர் இல்லை. கப் இரண்டும் வழவழப்பாக இருந்தன. கழுவி, புதுக் கிரீஸ், புதுச் சீல், புதுக் காட்டர் பின் போட்டேன். இடதில் 300 கிலோமீட்டர் கழித்து லேசாக ஆட்டம் தெரிந்தது, ஒரு காடி இறுக்கியதும் சரியாகிவிட்டது. நாளை விடியற்காலை லோடு ஏற்றுகிறேன்.