மறு: ஃப்ளை-இன்னுக்குத் தமிழ்ல என்ன? வான்தாவணின்னு வைக்கலாமா

எல்லாருக்கும் வணக்கமுங்க,

வீட்ல ஒரு விசேஷம், நாலு நாளா மெயில் பக்கமே வர முடியல, இன்னிக்குத்தான் உக்காந்து மொத்த இழையையும் படிச்சேன். நம்ம சொல்லாக்கக் குழுவுல ஃப்ளை-இன்னுக்கு, அதாவது சொந்த விமானத்துல பறந்து வந்து கூடற நிகழ்ச்சிக்கு, இதுவரைக்கும் வந்திருக்கற தமிழ்ச் சொல்லு விமானக் கண்காட்சி, வான்விழா, வான்கூடல், பறந்துவரவு, அப்புறம் ஏற்காடு ஐயா போட்ட வலசைக்கூடல். எனக்கு எது ஒத்து வரலன்னு முதல்ல சொல்லிடறேன், அப்புறம் நானும் ஒரு சொல் வெச்சிருக்கேன், சிரிக்காம படிங்க.

> பேப்பர்ல ஏற்கனவே விமானக் கண்காட்சின்னுதான் எழுதறாங்க, அதையே வெச்சுக்கலாமே

அது ஏர் ஷோவுங்க. பெங்களூர் யெலகங்காவுல 1996ல இருந்து நடக்குதே ஏரோ இந்தியா, அது கண்காட்சி. நாம பஸ் புடிச்சுப் போயி, டிக்கெட் வாங்கி, வெயில்ல அண்ணாந்து பாத்துட்டு கழுத்து வலியோட சேலம் திரும்பறோம். ஃப்ளை-இன் அப்படி இல்ல. அவனவன் சொந்த விமானத்தைத் தானே ஓட்டிட்டு வந்து எறங்கணும், ராத்திரி அது பக்கத்துலயே படுத்துக்கணும், ஊருக்குத் திரும்பும்போதும் அதுலயேதான் போகணும். காட்ட வந்தவனும் பாக்க வந்தவனும் ஒரே ஆளு. வான்விழாவும் இதே காரணத்துக்குத்தான் எனக்குப் புடிக்கல, யாரு நடத்துறா யாரு வர்றான்னு ஒண்ணும் சொல்லாத சொல்லு.

நான் ஏன் இவ்ளோ பேசறேன்னா ரெண்டு வருசம் முன்னாடி நான் ஒண்ணுக்குப் போயிட்டு வந்தேன். என் மச்சினன் டெக்சாஸ் ஆஸ்டின்ல இருக்கான், நாலு பேரு பங்கு போட்டு ஒரு பழைய செஸ்னா 172, நாலு பேரு உக்கார்ற சின்ன விமானம், வெச்சிருக்காங்க. 'மாமா, ஆஷ்கோஷ் போறேன், வலது பக்கம் சீட்டு காலியா இருக்கு'ன்னான். விஸ்கான்சின்ல இருக்கு ஆஷ்கோஷ், வருசா வருசம் ஜூலைக் கடைசி வாரம், கிட்டத்தட்ட பத்தாயிரம் விமானம் வந்து சேருது. பால் பொபெரெஸ்னிங்கறவரு 1953ல ஆரம்பிச்ச எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்ங்கற விமான ஆர்வலர் சங்கம் நடத்துறது, 1970ல இருந்து அந்த ஊர்லதான். நம்ம கணக்குக்கு ஆடி மாசம். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருவேன்.

ஆஸ்டின்ல இருந்து நேர்கோட்டுல சுமாரா 940 நாட்டிகல் மைலு (ஒரு நாட்டிகல் மைலு 1.85 கிலோமீட்டரு), அதாவது நம்ம சேலத்துல இருந்து ஆக்ரா. அந்த வண்டி போறது மணிக்கு 110 நாட்டிகல் மைலு சொச்சம். காகிதத்துல ஒம்போது மணி நேரம், ஆனா வழியில மிசூரி பக்கம் இடிமழை சுவரு மாதிரி நின்னதால எங்களுக்கு ஆனது ரெண்டு நாளு. காலையில கெளம்பறதுக்கு முன்னாடி அவன் றெக்கைக்கு அடியில குனிஞ்சு, ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்புல கொஞ்சம் பெட்ரோல் புடிச்சு, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிக் காட்டினான். வேட்டிக்கு சொட்டு நீலம் போட்ட தண்ணி எப்படி இருக்கும், அதே நெறம். அந்த ரக பெட்ரோலுக்கு அடையாளமா நீலச் சாயம் கலக்கறாங்களாம். அடியில நெறமில்லாம ஒரு முத்து உருண்டுட்டு இருந்தா அது தண்ணி, தண்ணி கனம் அதிகம், அடியில போயி உக்காந்துக்கும், அது எஞ்சினுக்குள்ள போனா மேல போயி நின்னுடும். தண்ணி இருந்தது. வடிச்சு ஊத்திட்டு மறுபடி புடிச்சான், மறுபடி தூக்கிப் பாத்தான். மூணாவது தடவைதான் சுத்தமா வந்தது. எனக்கு அப்பவே வயித்தக் கலக்கிடுச்சு, வெளிய காட்டிக்கல.

ஆஷ்கோஷ் பக்கத்துல போனதும் இன்னொரு கூத்து. ரிப்பன்னு ஒரு சின்ன ஊரு, அங்க இருந்து ஃபிஸ்க்னு இன்னொரு சின்ன ஊருக்கு ரயில் தண்டவாளம் போகுது, அந்தத் தண்டவாளத்துக்கு மேலயே 1,800 அடியில, 90 நாட் (மணிக்கு 90 நாட்டிகல் மைலு) வேகத்துல, ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் அரை மைல் விட்டு வரிசையா போகணும், எறும்புச் சாரை மாதிரி. ரேடியோவுல யாரும் வாயத் தொறக்கக் கூடாது, கேக்க மட்டும் செய்யணும். ஃபிஸ்க்ல தரையில உக்காந்து பைனாகுலர்ல பாக்கறவங்க 'வெள்ளைச் செஸ்னா, றெக்கைய ஆட்டு'ன்னு சொல்றாங்க, இவன் ஸ்டீயரிங்க இப்படியும் அப்படியும் ஆட்டினான், அதுதான் பதிலு. அப்புறம் ஓடுபாதையில கலர் கலரா பெரிய வட்டம் போட்டு வெச்சிருக்காங்க, 'பச்சைப் புள்ளியில எறங்கு'ன்னாங்க. எங்களுக்கு முன்னாடி ஒருத்தன் அதே பாதையில இன்னும் ஓடிட்டு இருக்கான், நாங்க எறங்கிட்டோம். அந்த ஒரு வாரத்துக்கு உலகத்துலயே ரொம்ப பிஸியான கன்ட்ரோல் டவர் அதுதான்.

சரி, சொல்லுக்கு வர்றேன். எறங்கினதும் புல்லுத் தரையில வரிசையா நிறுத்தச் சொல்லி கை காட்டுனாங்க. நிறுத்தினதும் முத வேலை என்ன? கட்டறது. றெக்கைக்கு ஒண்ணு ஒண்ணு, வாலுக்கு ஒண்ணு, மூணு எடத்துல முளை அடிச்சு கயிறு போட்டுக் கட்டணும். காலி வண்டி முக்கால் டன்னு இருக்கும், ஆனா நின்ன எடத்துலயே பலமா காத்தடிச்சா றெக்கை தன் வேலையக் காட்டிடும். 2011 மார்ச்சுல ஃப்ளாரிடா லேக்லேண்ட்ல இதே மாதிரி ஒரு கூட்டத்துல சூறாவளி புகுந்து எத்தனையோ விமானத்தைக் கவுத்துப் போட்டுடுச்சு. ஆடிக்காத்துல அம்மியே பறக்குங்கறோம், பறக்கறதுக்குன்னே செஞ்சது சும்மா இருக்குமா? எங்களுக்கு ஒரு முளை கொறஞ்சது, பக்கத்து விமானத்துக்காரரு அயோவா விவசாயி, கேக்காமயே எடுத்துக் குடுத்து சுத்தியலும் குடுத்தாரு.

வழியில மழைக்கு ஒதுங்கினோமே அந்தச் சின்ன ஏர்போர்ட்ல இன்னும் தெளிவா பாத்தேன். தரையோட தரையா நீளமா ஒரு இரும்பு வடம், ரெண்டு கோடியிலயும் முளை, அந்த வடத்துல இருந்து சங்கிலி சங்கிலியா பிரிச்சு ஒவ்வொரு விமானத்தையும் கட்டியிருந்தாங்க. எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. அவருக்கு ஓமலூர் பக்கம். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு மாடு ஓட்டிட்டு நடந்தே போவாரு, குதிரையும் மாடுமா அங்க கூடறது இன்னிக்கும் நடக்குது. அங்க போனா நீளமா ஒரு வடத்த இழுத்து ரெண்டு பக்கமும் முளையடிச்சு, அதுல சின்னச் சின்னக் கயித்துல மாட்டை வரிசையா கட்டி, பக்கத்துலயே சாக்கு விரிச்சுப் படுத்துக்குவாங்க. அந்த வடத்துக்குப் பேரு தாவணி. மாடு கூடற எடத்துக்கும் அதே பேரு வந்துடுச்சு, மதுரையில மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுன்னு தெனம் சொல்றோமே, அதுதான்.

சொந்த வண்டியோட வர்றது, வரிசையா கட்டறது, பக்கத்துலயே படுக்கறது, மாசம் கூட ஆடி. அதனால என் முன்மொழிவு: வான்தாவணி.

விமானத்தை இப்படி முளையில கட்டி வெக்கற டை-டவுனுக்கு முளைக்கட்டு. இதுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டீங்கன்னு நெனைக்கறேன்.

அன்புடன்
சேலம், அஸ்தம்பட்டி

-----

தம்பிக்கு,

அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா மூணு தடை சொல்றேன்.

ஒண்ணு, தாவணிங்கறது தாமணியோட திரிபு. தாமணி வடமொழி தாமன்ல இருந்து வந்தது, கயிறுன்னு பொருள். இந்தக் குழுவுல தனித்தமிழ் அன்பர்கள் நாளைக்கே எழுதுவாங்க, நான் முந்திக்கறேன்.

ரெண்டு, பாவாடை தாவணி. நம்ம சேலம் ஏர்போர்ட் இருக்கற காமலாபுரத்துல நடந்து, 'காமலாபுரத்தில் வான்தாவணி'ன்னு நாளிதழ்ல தலைப்பு வந்தா நீல நெறத்துல ஆடித் தள்ளுபடின்னு ஜவுளிக்கடைக்குத்தான் கூட்டம் போகும்.

மூணு, தாவணின்னா வித்தல் வாங்கல் உண்டு. உங்க மச்சினன் விமானத்தை விக்கவா போனாரு?

கயிறுதான் வேணும்னா தும்பு இருக்கே, நல்ல தமிழ். வான்தும்பு. எனக்கே சரியாப் படல, சொல்லி வெக்கறேன். அதனாலதான் நான் வலசைக்கூடல்னு போட்டேன். பருவத்துக்கு ஒரு தடவை தூரத்துல இருந்து பறந்து வந்து கூடித் திரும்பறது பறவைக்கு வலசை. இங்க பனி விலகின காலையில கீழ காமலாபுரம் பக்கம் பயிற்சி விமானம் சுத்திட்டு இருக்கறதப் பாக்கறப்ப பறவைதான் தோணுது, மாடு தோணல.

இன்னொண்ணு. முளை குடுத்த விவசாயின்னதும் எனக்கு 1930 ஞாபகம் வந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையில தனியா பறக்கறவருக்கு இஸ்மாயிலி முஸ்லிம்களோட தலைவர் ஆகா கான் பரிசு அறிவிச்சிருந்தாரு. ஜே.ஆர்.டி. டாட்டா இங்க இருந்து அங்க போறாரு, ஆஸ்பி எஞ்சினியர் (எஞ்சினியருங்கறது அவரு குடும்பப் பேரு) அங்க இருந்து இங்க வர்றாரு. எகிப்துல அபுகீர்ல எஞ்சினியர் ஸ்பார்க் பிளக் இல்லாம மாட்டிட்டு நிக்கறாரு, போட்டிக்காரரு டாட்டா தன்னோடதக் குடுத்துட்டுப் போறாரு, கடைசியில பரிசு எஞ்சினியருக்கு. சின்ன விமானத்துல தூரம் போறவங்க குணம் அன்னிக்கே அப்படித்தான். அதனால 'கூடல்'ங்கறதையாவது விட்டுடாதீங்க.

ஏற்காடு

-----

வணக்கம் சார், ஐயா,

நான் பைலட் ட்ரெயினிங்ல இருக்கேன், இந்தக் குரூப்ல எழுதறது இதுதான் முதல் தடவை. நாங்க ஹாஸ்டல்ல ஃப்ளை-இன்னுன்னுதான் சொல்வோம், ஆனா எங்களுக்கு அதைவிட அவசரமா தமிழ் வேண்டியது கிராஸ் கன்ட்ரிக்கு, அதாவது ஒரு ஏர்போர்ட்ல இருந்து வேற ஏர்போர்ட்டுக்கு வழி பாத்துப் பறக்கறதுக்கு. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 300 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி தனியா போகணும், வழியில வேற ரெண்டு ஏர்போர்ட்ல எறங்கணும். இதை ஃபோன்ல வீட்ல சொன்னப்ப அப்பா 'எந்த நாட்டுக்கும்மா, பாஸ்போர்ட் ரெனியூ பண்ணணுமா'ன்னு கேட்டாரு. அம்மா ஓட்டப்பந்தயம்னு நெனச்சுட்டாங்க, ஸ்கூல்ல கிராஸ் கன்ட்ரி ரேஸ்ல ஓடியிருக்கேன்ல. நெட்ல தேடினா குறுக்குநாட்டுப் பறப்புன்னு ஒண்ணு கெடைக்குது, அது அதைவிட பயமா இருக்கு.

வான்தாவணி எனக்குப் புடிச்சிருக்கு. ரூம்ல சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா யாரும் மறக்கல. வலசைக்கூடல் சாயங்காலம் கேட்டா ஒருத்திக்கும் ஞாபகம் இல்ல. ஸாரி ஐயா.

-----

ஐயா, தங்கச்சி, ரெண்டு பேருக்கும் நன்றிங்க.

ஐயாவோட முதல் தடைக்கு என்கிட்ட பதில் இல்ல, வேர் வடமொழின்னே இருக்கட்டும். ஆனா தாத்தா வாயில புழங்கின சொல்ல வெளிய தள்ளிட்டு, அகராதியில தேடி எடுத்த சொல்ல உள்ள விடறது தும்பை விட்டுட்டு வாலைப் புடிக்கற கதைதான். (ஐயா தும்புன்னு எடுத்துக் குடுத்ததால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.)

பாவாடை தாவணிக்கு: பறக்கற வண்டிக்கும் கோயில் கட்டடத்துக்கும் ஒரே சொல்லத்தான் வெச்சிருக்கோம், கருவறை மேல இருக்கறது விமானம், மேல பறக்கறதும் விமானம், யாராவது தஞ்சாவூருக்குப் போயி போர்டிங் பாஸ் கேட்டாங்களா? எடத்தப் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க.

மூணாவதுதான் கொஞ்சம் குத்துது. மச்சினன் விக்கப் போகலதான். ஆனா ஆஷ்கோஷ்ல கடைத்தெரு மாதிரி உண்டு, ரேடியோ, ஹெட்செட்டு, எஞ்சின் பாகம், முழு விமானமே கூட விலை பேசறாங்க, நான் கண்ணால பாத்தேன். அந்தியூருக்குப் போற எல்லாரும் மாடு விக்கறதுக்கா போறாங்க? பாதிப்பேரு அடுத்தவன் குதிரையைப் பாத்து மூக்குல வெரல வெக்கறதுக்குத்தான் போறாங்க.

வலசையில எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். பறவை வலசை வந்தா மாசக்கணக்குல தங்கும், சிலது குஞ்சும் பொரிக்கும். இவங்க ஒரு வாரத்துல முளையப் புடுங்கிட்டுக் கெளம்பிடுவாங்க. ஆனா வலசையை வீணாக்க வேண்டாம் ஐயா, அங்க போறதுக்காக ஆஸ்டின்ல இருந்து எடம் எடமா எறங்கி ஏறிப் போனோமே, அந்தப் பயணத்துக்கு வலசைப் பறப்புன்னு வெச்சுக்கலாம். வந்து கூடற எடத்துக்கு வான்தாவணி. ரெண்டும் இருக்கட்டும்.

கிராஸ் கன்ட்ரிக்கு ஊர்கடப்பு போதும் தங்கச்சி. கன்ட்ரிங்கறது அங்க நாடு இல்ல, ஊருக்கு வெளிய கெடக்கற நாட்டுப்புறம். 'நாளைக்கு ஊர்கடப்பு போறேன்'னு அப்பாகிட்ட சொல்லிப் பாருங்க, பாஸ்போர்ட் கேக்கறாரான்னு சொல்லுங்க.

நம்ம கலைச்சொல் அட்டவணைக்கு இப்போதைக்கு இப்படி எழுதி வெச்சிருக்கேன்:

வான்தாவணி: விமானம் ஓட்டறவங்க சொந்த விமானத்துலயே பறந்து வந்து, அதை வரிசையா முளைக்கட்டுப் போட்டு நிறுத்தி, கூடித் தங்கும் நிகழ்ச்சி. ஏர் ஷோ வேறு.

ஊர்கடப்பு: கெளம்பின ஏர்போர்ட்டை விட்டு வேற ஏர்போர்ட்டுக்கு வழி பாத்துப் பறக்கறது.

சின்ன ஏர்போர்ட்ல எறங்கற பைலட்டுக்கு ஊருக்குள்ள போயி சாப்ட்டுட்டு வர ஒரு பழைய காரை சும்மா குடுக்கறாங்க, அங்க க்ரூ கார்னு பேரு. இரவல் வண்டின்னு போடலாமான்னு பாக்கறேன். எங்களுக்குக் கெடச்ச வண்டியில கண்ணாடி எறங்கல, ஏசி இல்ல, சாவி எப்பவும் வண்டியிலயே இருக்கும், திரும்பக் குடுக்கும்போது பெட்ரோல் ஊத்திக் குடுக்கணும்னு ஒட்டியிருந்தாங்க.

ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற தடை இருந்தா எழுதுங்க. திங்கக்கிழமை காலையில அட்டவணையில ஏத்திடுவேன்.

சேலம், அஸ்தம்பட்டி