டிராக் இல்லாத டைம்லைன்: 2011-இல் நீங்கள் எந்தப் பக்கம்?

சாலிகிராமத்து எடிட்டர்

ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் 7-இல் கை பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். ஃபைனல் கட் புரோ எக்ஸ் வந்தபோது (அந்த எக்ஸ் ரோமன் பத்து, ஆனால் நம் ஊர் எடிட் ரூமில் யாரும் டென் என்று சொல்லி நான் கேட்டதில்லை) நீங்கள் என்ன வேலையில் இருந்தீர்கள், திட்டினீர்களா, கொண்டாடினீர்களா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஒரு சீரியல் கம்பெனியில் எடிட்டர். வாரம் ஐந்து எபிசோட். 2011 ஏப்ரல் 12 அன்று லாஸ் வேகாஸில் மேடை போட்டுக் காட்டினார்கள், அரங்கில் ஒரே கைதட்டல், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு டீக்கடையில் நாங்களும் கைதட்டாத குறைதான். பின்னே என்ன? பழையது 32 பிட், மெஷினில் எவ்வளவு மெமரி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது, வெட்டி ஒட்டியதை மெஷின் படமாக்கும் ரெண்டர் பட்டை ஊர்ந்து முடிவதற்குள் இரண்டு டீ ஆகிவிடும். புதியது 64 பிட், ரெண்டர் அது பாட்டுக்குப் பின்னணியில் ஓடும், நாம் வெட்டிக்கொண்டே இருக்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

ஜூன் 21 அன்று கடைக்கு வந்தது. 299.99 டாலர், அன்றைய கணக்கில் 13,500 ரூபாய் சொச்சம். பழைய முழு செட் 999 டாலர். எங்கள் முதலாளி விலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வாங்கிப் போட்டு, "இதுலயே இந்த வார எபிசோடை முடிச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் ஆசையில் சரி என்றேன். அந்த 'சரி'தான் தப்பு.

திறந்தால் டிராக்கே இல்லை, அதாவது படத்துக்கும் சத்தத்துக்கும் தனித்தனியாக இருக்கும் வரிசைகள். வி1, வி2, ஏ1, ஏ2 எதுவும் கிடையாது. நடுவில் ஒரு முதன்மை வரிசை, மற்றதெல்லாம் அதன் மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஷாட்டைத் தூக்கினால் பின்னால் இருப்பதெல்லாம் காந்தம் இழுத்த மாதிரி வந்து ஒட்டிக்கொள்ளும். பெயரே காந்த டைம்லைன்தானே.

சீரியலில் ஒரு வசனம் விழுந்தால் வீட்டில் இருக்கிற எல்லா முகத்துக்கும் ஒரு குளோசப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டமார்'. நான் அந்த டமாரை மாமியார் முகத்துக்குக் கீழே போட்டேன். அது அந்த ஷாட்டோடு ஒட்டிக்கொண்டது. எபிசோட் நீளம் கூடிப்போனதால் விடியற்காலையில் மாமியார் குளோசப்பைத் தூக்கினேன், அவரோடு டமாரும் போய்விட்டது. பழையதில் படத்தை எடுத்தால் சத்தம் அது பாட்டுக்கு அதன் டிராக்கில் கிடக்கும், நானும் அந்த நினைப்பிலேயே திரும்பிப் பார்க்கவில்லை. இது மாதிரி ஒன்றல்ல, நாலைந்து இடம். முதல் நாளே மேனுவலைப் படித்திருந்தால் பி அழுத்தி பொசிஷன் டூலை எடுத்திருப்பேன், அது இருக்கிற இடத்தில் காலியாக ஒரு இடைவெளியை வைத்துவிடும், மற்றது நகராது. அதுவும் மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்தது மிக்ஸிங். சத்தத்தைத் தனித்தனியாகப் பிரித்து அனுப்ப ஓஎம்எஃப் கேட்டார்கள். அது இல்லை. எடிட்டை வேறு மென்பொருளுக்கு எடுத்துப் போகும் எக்ஸ்எம்எல் இல்லை, ஈடிஎல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஸ்டீரியோவாக்கி அனுப்பினேன். மிக்ஸிங் அண்ணன் போனில், "வசனத்தையும் மியூசிக்கையும் ஒரே குழம்பா ஊத்தி அனுப்பியிருக்கியே தம்பி, நான் இதுல உப்பை மட்டும் எப்படிக் குறைக்கிறது?" என்றார். சேனலுக்கு டேப்பில் கொடுக்க வேண்டும், அதற்கும் வழியில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பழைய மெஷினில் உட்கார்ந்து முழு எபிசோடையும் கண்ணால் பார்த்துப் பார்த்து மறுபடி வெட்டினேன். பழைய புராஜெக்ட் புதியதில் திறக்காது, புதியது பழையதிலும் திறக்காது.

உலகம் முழுக்க இதே கூச்சல்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டு வீடியோவுக்கான ஆப்பிளின் எளிய மென்பொருள் ஐமூவி, அதை வைத்து ஐமூவி புரோ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் கோனன் ஓ'பிரையன் நிகழ்ச்சியின் எடிட்டர்களே இதைக் கிண்டலடித்து ஒரு வீடியோ வெட்டி ஒளிபரப்பினார்கள். நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தோம். சிரிப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

சரி, உங்கள் அனுபவம்?

கல்யாண கேமரா

அண்ணே, உங்கள் கதை புரிகிறது. ஆனால் நான் அந்தப் பக்கம் இல்லை, எனக்கு அது வரமாகத்தான் வந்தது.

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறேன். மிக்ஸிங் அண்ணன், கலர் பார்க்கிறவர், சேனல் எல்லாமே நான் ஒருத்தன்தான். யாருக்கும் எதையும் பிரித்து அனுப்ப வேண்டியதில்லை. 5டி மார்க் 2 கேமராவில் எடுத்துக்கொண்டு வருவேன். பழையதில் அந்த ஃபைலை அப்படியே போட்டால் திக்கும், அதனால் மொத்தத்தையும் எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் ஃபார்மட்டுக்கு மாற்ற ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில்தான் வேலை தொடங்கும். புதியதில் கார்டிலிருந்து இறக்கிய கையோடு வெட்டலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது கீவேர்டு. இரண்டு நாள் கல்யாணம், ஆயிரத்துக்கு மேல் கிளிப். "தாலி", "மாலை", "பந்தி", "பொண்ணு வீடு", "மாப்பிள்ளை வீடு" என்று ஒட்டிக்கொண்டே போவேன். கிளிப் மேல் மவுஸை நகர்த்தினாலே உள்ளே இருப்பது ஓடும், நல்ல இடம் வந்தால் பிடித்தது என்று குறிக்க எஃப் அழுத்திவிடுவேன். ஒரு தடவை ஆல்பத்தையும் வீடியோவையும் கொடுத்து ஆறு மாசம் கழித்து ஒரு அப்பா வந்தார். தன் அம்மா, அதாவது பெண்ணின் அப்பத்தா, பந்தியில் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி ஒன்று இருக்கிறதா தம்பி என்று கேட்டார். அவர்கள் போன வாரம் தவறிவிட்டார்களாம். "பந்தி"யையும் "பொண்ணு வீடு" என்பதையும் சேர்த்துத் தேடினேன், இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. ஃபைனல் வீடியோவில் அதை நான் வைக்கவே இல்லை. அவர் முன்னால் ஸ்கிரீனில் ஓட்டிக் காட்டினேன், மூன்று தடவை பார்த்தார்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு கேமராவை வைத்து மாற்றி மாற்றி வெட்ட மல்டிகேம் 2012 ஜனவரி கடைசியில் 10.0.3 வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவரை சத்தத்தை வைத்துச் சின்க் பண்ணி, மேலே ஒட்டி, பிளேடால் வெட்டிக்கொண்டு இருந்தேன். ஆனால் வந்தபோது 64 ஆங்கிள் என்றார்கள். என்னிடம் இருந்தது இரண்டு கேமரா, மச்சானுடையதைச் சேர்த்தால் மூன்று.

சவுண்டு ரூம்

நீங்கள் சொன்ன மிக்ஸிங் அண்ணன் நானில்லை, ஆனால் அந்தக் குழம்பு எனக்கும் வந்தது.

ஓஎம்எஃப் எடுக்க ஆட்டோமேட்டிக் டக் என்று ஒரு வெளிக் கருவி இருந்தது, அதன் விலை 495 டாலர். மென்பொருளே 299.99! மூக்கை விட மூக்குத்தி கனம். செப்டம்பரில் 10.0.1 வந்து எக்ஸ்எம்எல்லும் ரோல்ஸும் கிடைத்த பிறகு, வசனம், மியூசிக், எஃபெக்ட்ஸ் என்று பெயர் கொடுத்துத் தனித்தனியாக அனுப்பத் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னால் ரோல்ஸ் ஒழுங்காகப் போட்டு வரும் வேலை, பழைய டிராக் வேலையை விடச் சுத்தம். பழையதில் ஏ3-இல் வசனம், ஏ5-இல் நாய் குரைக்கிறது, அதற்குப் பக்கத்தில் மறுபடி வசனம் என்று கண்டபடி கிடக்கும். யார் மேல் தப்பு என்று கேட்டால் எடிட்டருக்குக் கோபம் வரும்.

ஆனால் அதற்குள் எனக்கு வேலை கொடுத்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அடோபி அந்த ஆண்டு பாதி விலைக்குத் தருகிறேன் என்று வாசலில் நின்று கூப்பிட்டது, எல்லாரும் அதன் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் பக்கம். 2013-இல் அங்கே மாசச் சந்தா என்றானதும் அவர்களே வந்து என்னிடம் புலம்பினார்கள். 2011-இல் 299.99 கொடுத்து நின்றவனுக்குப் பத்து வருஷம் தாண்டியும் அப்டேட்டுக்குத் தனியாகக் காசு இல்லை.

2018 பேட்ச்

நான் கற்றுக்கொண்டதே எக்ஸில்தான். போன வருஷம் ஒரு கம்பெனியில் டிராக் வைத்த மென்பொருளில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு ஷாட்டைச் செருகினேன், கீழே பாட்டு அப்படியே நிற்கிறது, உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். டிராக்கை லாக் பண்ணியிருக்கிறேன் என்று பக்கத்து சீட் அண்ணன் சொன்ன பிறகுதான் புரிந்தது. இத்தனை பூட்டு, இத்தனை சாவி எதற்கு என்று கேட்டேன். "இது இல்லாம நீ எப்படிடா தூங்குற?" என்றார்.

சாலிகிராமத்து எடிட்டர்

தம்பி, அந்தப் பூட்டெல்லாம் நாங்கள் ஒவ்வொரு தடவை அடிபட்டுப் போட்டது.

காரைக்குடி நண்பரே, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எனக்கு இடித்தது காந்தம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. எனக்குப் பின்னால் நாலு பேர் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்கள் கையில் வைக்க ஒன்றுமில்லாமல் நான் நின்றேன். உங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. 2011 ஜூனில் வந்தது உங்களுக்காக வந்தது, நான்தான் தெரியாமல் வரிசையில் வந்து நின்றுவிட்டேன்.

பிறகு நானும் மாறினேன், 2014 வாக்கில், சீரியலை விட்டுத் தனியாக விளம்பர வேலை எடுத்தபோது. 10.1 வந்து, எல்லாவற்றையும் லைப்ரரி என்ற ஒரே பெட்டிக்குள் வைக்க முடிந்த பிறகு. இப்போது கேட்டால் திரும்பிப் போக மாட்டேன். ஆனால் பழைய மெஷின் ஒன்றை விற்கவில்லை, நெட் இணைப்பைப் பிடுங்கி, அப்டேட் எதுவும் வராமல் அப்படியே வைத்திருக்கிறேன். ஃபைனல் கட் 7, 2017-இல் வந்த மேக் இயங்குதளமான ஹை சியராவிலேயே ஓடாது என்பதால் அதைத் தொட விடுவதில்லை. பழைய எபிசோட் யாராவது கேட்டால் அதைத்தான் எழுப்ப வேண்டும், எழுந்திருக்கப் பத்து நிமிஷம் ஆகும்.

இன்னொன்று. எக்ஸில் சேவ் பண்ணவே வேண்டாம், அதுவாகவே பண்ணிக்கொள்ளும், புராஜெக்டைச் சேவ் பண்ண மெனுவில் ஒரு கட்டளையே கிடையாது. இருந்தும் ஒவ்வொரு கட்டுக்கும் என் இடது கை கமாண்ட் எஸ் அழுத்துகிறது. பக்கத்தில் இருக்கும் அசிஸ்டெண்ட் பெண் நேற்று கேட்டாள், "சார், அந்த டிக் டிக் எதுக்கு?"