புதுப்பிப்பு: சபையும் பள்ளியும் சேர்ந்து போடும் சாப்பாடு

எங்கள் கிறிஸ்தவ சபையும் பக்கத்துப் பள்ளியும் சேர்ந்து, முதியவர்களையும் மாணவர்களையும் ஒரே மேசையில் சாப்பிட வைக்க என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தொடங்கிவிட்டோம்.

உட்கார வைப்பதுதான் பாதி வேலை. விட்டால் பிள்ளைகள் ஒரு மூலை, பெரியவர்கள் ஒரு மூலை. இப்போது சின்ன மேசைகள் போட்டு, பாத்திரத்தை நடுவில் வைக்கிறோம். "தாத்தா, அதை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்பதிலேயே பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. பேச்சைத் தொடங்கிவைக்கக் கேள்வி எழுதிய அட்டைகள் வைக்கச் சொன்னீர்கள். வைத்தோம், யாரும் தொடவில்லை.

நான் நினைக்காத சிக்கல், சத்தம். வயதாகும்போது உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும்; பிள்ளைகளின் மெல்லிய குரலில் பாதி பிடிபடாது. காதுகருவியோ தட்டுச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பாட்டை நிறுத்தி, மேசைக்குத் துணி விரித்ததும் பரவாயில்லை.

பிள்ளைகளின் ஒவ்வாமை விவரம், பெற்றோர் ஒப்புதல், எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி, எல்லாம் பள்ளியின் நிபந்தனைகள். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். என்னைக் கேட்டால் பள்ளி சொன்னதுதான் சரி.

மணி அடித்துப் பிள்ளைகள் வரும்வரை பந்தி தொடங்குவதில்லை. முந்தி வந்தவர்கள் தின்று, மற்றவர்கள் பசியோடு நின்றதற்காகத்தானே பைபிளில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து ஊர்ச் சபையைக் கடிந்துகொண்டார்!

அடுத்து சமையலையும் சேர்ந்தே செய்ய ஆசை. கத்தி, அடுப்பு விஷயத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.