ஜாம்பேசிக் கரையில் நாலு இரவு: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். ஜாம்பியாவின் லோயர் ஜாம்பேசி தேசியப் பூங்காவில், ஆற்றை ஒட்டிய லாட்ஜில் கணவன் மனைவிக்கு நாலு இரவு. லுசாக்காவிலிருந்து ஜெக்கி ஓடுதளத்துக்குச் சிறு விமானம். ஆளுக்கு 15 கிலோ, சக்கரமில்லாத துணிப்பை, கேமராவும் அதற்குள்ளேயே. அதில் சந்தேகமில்லை.

குழப்பம் தேதியில்தான். அக்டோபரில் யானைகள் தண்ணீரை விட்டு நகராது, ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும். மின்விசிறி மட்டும் உள்ள கூடாரத்தில் மதியம் தூங்க முடிகிறதா? ஆகஸ்ட் என்றால் விடியற்காலை ஜீப்பில் பல் கிட்டும், கேனோவுக்கும் (துடுப்புப் படகு) காற்றுத் தொல்லை.

கேனோ பற்றி: நீர்யானை பயந்தால் ஆழத்துக்கு ஓடும். அந்த வழியில் படகு நின்றால்தான் வம்பு. அதனால் வழிகாட்டிகள் ஆழமில்லாத ஓரமாகவே போய், துடுப்பால் படகைத் தட்டிக் குரல் கொடுப்பார்கள். தம்பதி இருவரையும் ஒரே படகில் விடுவார்களா, ஆளுக்கொரு படகா?

மலேரியாத் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை வேண்டாமென்று பார்க்கிறோம். ஆற்று வெயிலில் தோல் கன்றும், திரும்பியும் 4 வாரம் விழுங்கணும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பி 7 நாள் போதும். சென்னையில் சுலபமாகக் கிடைக்கிறதா?

கடிக்கும் செட்சி ஈ அடர்நிறத்தைத் தேடி வரும் என்பதால் கறுப்பு, கருநீல உடைகளை ஒதுக்கியாச்சு.

வேலி கிடையாது என்பதால் இருட்டியபின் காவலர் துணையில்லாமல் கூடாரத்தை விட்டு வரக்கூடாது. அப்படியானால் இரவுச் சாப்பாட்டைத் திண்ணையிலேயே இருவருக்கு மட்டும் போடுவார்களா? முன்பதிவின்போதே கேட்கணுமா, தனிக் கட்டணமா?