பிடிஎஃப்பில் கிடைக்கோடுகள் ஒரே தடிமனில் தெரிய என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. பைத்தானில் ரிப்போர்ட்லேப் என்ற பிடிஎஃப் உருவாக்கும் நூலகம் கொண்டு அறிக்கைகள் உருவாக்கும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். ஏ4 தாள். ஒவ்வொரு பகுதிக்கும் கீழே ஒரு கிடைக்கோடு வர வேண்டும்.

பத்தியின் நீளம் மாறிக்கொண்டே இருப்பதால், கேன்வாஸில், அதாவது பக்கத்தில் நேரடியாக, ஒய் மதிப்பை (கோடு வர வேண்டிய உயரத்தை) கணக்கிட்டு வரைவது ஒத்துவராது. அதனால் பத்திகளைத் தொடர்ந்து தானாக இடம் பிடிக்கும் கிடைக்கோடான எச்ஆர்ஃப்ளோவபிள் பயன்படுத்துகிறேன். அதன் அகலம் இயல்பாக 80% என்றுதான் இருக்கும். 100% என்று மாற்றியதும் இடம் சரியாக அமைந்துவிட்டது.

சிக்கல் தடிமனில்தான். எல்லாக் கோடுகளுக்கும் 0.5 பாயிண்ட்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் திரையில் 100% அளவில் பார்த்தால் சில கோடுகள் அடர்த்தியாகவும் சில மங்கலாகவும் தெரிகின்றன. 400% வரை பெரிதாக்கினால் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன, அச்சிலும் குறையே இல்லை. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அதில் பாதி, சாதாரணத் திரையில் ஒரு பிக்சல்கூட வராது. கோடு இரண்டு பிக்சல்களுக்கு நடுவே விழும்போது நிறம் இரண்டிலும் பகிர்ந்து மங்குகிறது என்று நினைக்கிறேன். தடிமனைக் கூட்டினால் ஓரளவு சரியாகிறது, ஆனால் பக்கம் கனத்துப்போகிறது. மெல்லிய கோடுதான் இந்த அறிக்கைக்கு அழகு, அதை விட மனமில்லை. தடிமன் 0 என்று கொடுப்பதும் சரிவராது; அந்தந்தச் சாதனத்தால் முடிந்த மிக மெல்லிய கோடாகிவிடும், நல்ல அச்சுப்பொறியில் கண்ணுக்கே தெரியாது.

பிடிஎஃப் விதிமுறையில் கோடுகளைப் பிக்சல்களுக்கு ஏற்பச் சீராக்கும் ஸ்ட்ரோக் அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறதே, அதை ரிப்போர்ட்லேப் வழியாக இயக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கோட்டுக்குப் பதிலாக நிறம் நிரப்பிய மெல்லிய செவ்வகம் வரைந்தால் பலன் இருக்குமா?

அப்புறம் இன்னொன்று: சில நேரம் பத்தி ஒரு பக்கத்தில் முடிந்து, கோடு மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சியில் போய் நிற்கிறது. உள்ளே போட்டவற்றைப் பிரிக்காமல் ஒரே பக்கத்தில் வைக்க முயலும் கீப்டுகெதரில் முழுப் பத்தியையும் போட்டால் பெரிய வெற்றிடம் விழுகிறது. கடைசிச் சில வரிகளை மட்டும் கோட்டோடு சேர்த்து வைக்க வழி தெரிந்தால் சிறு நிரல் துணுக்கோடு சொல்லுங்கள், மிகவும் உதவியாக இருக்கும்.